கூட்டாளி என்று பெயர், கொடுப்பதோ துண்டுக்கூலி

மும்பைத் தமிழரின் உழைப்பு வரலாற்றைத் தாராவியின் தோல் பதனிடும் கூடங்களிலிருந்தோ மாட்டுங்காவின் தட்டச்சுப் பயிலகங்களிலிருந்தோ தொடங்குவது வழக்கம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் தொட்டிகளில் இறங்கி உழைத்தவர்கள் ஒருபுறம்; சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று ரயிலேறி வந்து, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தவர்கள் மறுபுறம். இவ்விரு பிரிவினரின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே வேலையில் வந்து சேர்ந்திருக்கின்றனர். தாராவியில் கோலி எனப்படும் ஒற்றை அறையிலும், செம்பூர் அடுக்கக வீட்டின் கூடத்திலும் அமர்ந்து, இணையதளங்களுக்குச் சிறு கட்டுரைகள் எழுதும் வேலை அது. தங்கம் விலை, ராசிபலன், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது எப்படி, சர்க்கரை நோய்க்கு எந்தக் கீரை என்று முந்நூறு, நானூறு சொற்களில் எழுதி அனுப்ப வேண்டும். சம்பளம் என்று எதுவும் பேசப்படுவதில்லை. பக்கத்தில் விழும் விளம்பர வருவாயில் ஒரு பங்கு தரப்படும். எழுதுபவர் ‘தொழிலாளி’ இல்லையாம், ‘கூட்டாளி’யாம்.

இந்தக் கூட்டு எத்தகையது என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். விளம்பரதாரர் செலுத்தும் தொகையில் ஏறத்தாழ 32 விழுக்காட்டைத் தான் எடுத்துக்கொண்டு 68 விழுக்காட்டைத் தளத்துக்குக் கொடுப்பது கூகுளின் ஆட்சென்ஸ் ஏற்பாடு. ஹப்பேஜஸ் என்னும் அமெரிக்கத் தளம் இந்த வருவாயை எழுதுபவருக்கு 60, தனக்கு 40 என்ற விகிதத்தில் பிரித்துக்கொண்டது. இவ்வகைத் தளங்களுள் தாராளமானது எனப் பெயர் பெற்றது அது. அந்தத் தாராளத்தை அப்படியே ஏற்றாலும், விளம்பரதாரர் தந்த நூறு ரூபாயில் எழுதியவரின் கைக்கு வருவது ஏறத்தாழ 41 ரூபாய். அதுவும் உடனே வராது. ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் விடுவிக்கப்படும். 2018 பிப்ரவரியில் இச்சேவை தமிழுக்குத் திறந்துவிடப்பட்ட பின், தமிழில் எழுதியும் இப்படிச் சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கை பரவியது. தமிழ்ப் பக்கத்தில் விழும் விளம்பரத்துக்கு ஆங்கிலப் பக்கத்துக்குக் கிடைக்கும் விலை கிடைப்பதில்லை என்பது எழுதத் தொடங்கிய பிறகே தெரிய வருகிறது.

கூட்டாளி என்பவர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உடையவர். மளிகைக் கடையில் பங்கு வைத்திருப்பவருக்குக்கூட அந்த உரிமை உண்டு. இங்கே எத்தனை பேர் படித்தனர், எத்தனை விளம்பரங்கள் காட்டப்பட்டன, என்ன தொகை வந்தது என்ற மூன்றையும் தளமே எண்ணித் தளமே சொல்கிறது. எழுதியவர் நம்ப வேண்டும். நிராகரிக்கப்பட்ட கட்டுரைக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. அதற்குச் செலவான இரவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணினி, மின்சாரம், இணையக் கட்டணம் ஆகிய அனைத்தும் எழுதுபவரின் முதலீடு. உற்பத்திச் சாதனங்களைத் தொழிலாளியே சொந்தச் செலவில் கொண்டுவரும் இந்த ஏற்பாட்டைத்தான் ‘சுதந்திரமான வேலை’ என்று விளம்பரப்படுத்துகின்றனர்.

மூலதனம் முதல் தொகுதியில் துண்டுக்கூலிக்கு மார்க்ஸ் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார். தொழிலாளர் மொழியில் பீஸ் ரேட். வேலையின் தரத்தையும் வேகத்தையும் கூலியின் வடிவமே கட்டுப்படுத்துவதால் மேஸ்திரி தேவைப்படுவதில்லை. இடையில் ஒட்டுண்ணிகள் நுழைய வழி ஏற்படுகிறது. தன் நலனுக்காகவே தொழிலாளி நேரத்தை நீட்டிக்கிறான், அந்த நீட்டிப்பே கூலியின் விகிதத்தைக் கீழே தள்ளுகிறது. 1867இல் வெளியான நூல் அது. இதை அவர் நூலகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. நியூயார்க் டெய்லி டிரிப்யூன் ஏட்டுக்குப் பத்தாண்டு காலம் லண்டனிலிருந்து கட்டுரைக்கு இவ்வளவு என்ற விலையில் எழுதிப் பிழைத்தவர் அவர். தொடக்கத்தில் ஒரு கட்டுரைக்கு ஒரு பவுன். அச்சேறிய கட்டுரைக்கு மட்டுமே பணம். பல கட்டுரைகள் அவர் பெயரின்றித் தலையங்கங்களாக வெளியிடப்பட்டன. 1857ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வாரத்துக்கு ஒரு கட்டுரைக்கே பணம் என்று ஏடு சுருக்கிக்கொண்டது. இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றி 1853இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளும் இந்தத் துண்டுக்கூலியில் விளைந்தவையே.

டிரிப்யூன் ஏடாவது விற்பனை சரிந்தபோது கட்டுரையின் எண்ணிக்கையைத்தான் குறைத்தது. இன்றைய தளங்கள் சந்தையின் இழப்பு முழுவதையும் எழுதுபவர் தலையில் இறக்கிவிடுகின்றன. 2005இல் தொடங்கப்பட்ட அசோசியேட்டட் கன்டென்ட் என்னும் தளம் ஆயிரக்கணக்கானோரிடம் சிறு கட்டுரைகளை வாங்கிக் குவித்தது. 2010இல் யாகூ நிறுவனம் அதைச் சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியமைத்ததும் இத்தகைய தளங்களின் வாசகர் கூட்டம் சரிந்தது. 2014இல் யாகூ அதை மூடியது. நிறுவனர்கள் விற்ற விலையை வைத்துக்கொண்டனர். எழுதியவர்களுக்கு மாதந்தோறும் சில்லறையாக வந்துகொண்டிருந்த பங்கும் நின்றது.

அமெரிக்காவில் இதற்கு எதிராக ஒரு வழக்கும் நடந்தது. ஹஃபிங்டன் போஸ்ட் தளத்தை ஏஓஎல் நிறுவனம் 2011இல் 31.5 கோடி டாலருக்கு வாங்கியபோது, அங்கே ஊதியமின்றி எழுதியவர்களின் சார்பில், எழுத்தாளர் சங்கத்தை வழிநடத்திய ஜோனதன் டசினி 10.5 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார. பணம் கிடைக்காது என்று தெரிந்துதானே எழுதினீர்கள் என்று கூறி நீதிமன்றம் 2012இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தெரிந்து ஒப்புக்கொண்டாய், ஆகவே சுரண்டல் இல்லை! முதலாளித்துவ நீதியின் பழைய பல்லவி இது.

இந்தியத் தொழிலாளி வர்க்கம் இந்தப் பல்லவிக்கு ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் பிறந்த களங்களுள் ஒன்று, தாராவித் தமிழர் பலரின் சொந்த மாவட்டமான திருநெல்வேலி. அங்கே பீடி சுற்றும் பெண்களை முதலாளிகள் நெடுங்காலம் தொழிலாளிகளாக ஒப்புக்கொள்ளவில்லை. இலையும் தூளும் கொடுக்கிறோம், வீட்டில் வைத்து விருப்பமான நேரத்தில் சுற்றுகிறார்கள், எங்களுக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் தவிர வேறு உறவில்லை என்றனர். இலையை விற்று பீடியை வாங்குவதாகக் கணக்கெழுதித் தொழில் உறவையே மறைத்தவர்களும் உண்டு. போராட்டங்களின் விளைவாக 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்றது அச்சட்டம். கழிக்கப்பட்ட பீடிக்கான கூலித் தகராறையும் விசாரிக்க வழி செய்தது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1974இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

வருங்கால வைப்பு நிதியைக் கொடுக்கவும் மறுத்தனர். அந்த வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது இன்று கட்டுரை எழுதும் இளைஞர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். வீட்டில் நடக்கும் வேலையை முதலாளி மேற்பார்வை செய்வதில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சுற்றி வந்த பீடியைச் சரியில்லை என்று கழிக்கும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது. அந்த அதிகாரமே போதுமான மேற்பார்வை. ஆகவே அவர்கள் ஊழியர்களே என்றது. முறம் நிறையச் சுற்றிக்கொண்டுபோய், கணக்குப்பிள்ளை கழித்துப் போட்ட கட்டுகளைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தாய்மார்களின் அனுபவம் அந்தத் தீர்ப்பில் சட்டமாயிற்று. கட்டுரை தலைப்பில் குறிச்சொல் இல்லை, நானூறு சொல் இல்லை, மறுபடி எழுதுக என்று மின்னஞ்சல் அனுப்பும் தளமும் இதே கழிக்கும் அதிகாரத்தையே செலுத்துகிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றிய 177ஆவது உடன்படிக்கையும், வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு மற்றத் தொழிலாளர்க்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது; கருவியும் மூலப்பொருளும் யாருடையவை என்பது பொருட்டன்று என்கிறது. இந்தியா அதை இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

மோடி அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இந்த வரலாறு கரைக்கப்பட்டுவிட்டது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டமும், 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும் ஒருங்கே மூழ்கின. எழுதுபவரையும் பீடி சுற்றுபவரையும் ஒரே நாளில் ஒரே சட்டத்தால் கைவிட்டதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. இத்தொகுப்புகளை எதிர்த்து 2025 ஜூலை 9 அன்று நடந்த பொது வேலைநிறுத்தத்தின் கோரிக்கை நியாயமானது, அது நீடிக்கிறது.

ஆயினும் கையிலிருக்கும் கருவியைப் பயன்படுத்தாமல் விடுவது அரசியலாகாது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாவது அட்டவணையில், பயணச் சேவை, உணவு விநியோகம் ஆகியவற்றோடு ‘உள்ளடக்க மற்றும் ஊடகச் சேவை’ என்ற பிரிவும் இடம்பெற்றுள்ளது. அத்தகைய நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டைச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும். தொழிலாளர்க்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காடு அதன் உச்சவரம்பு. உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் சீருடையோடு தெருவில் நிற்பதால் அவர்களது வேலைநிறுத்தம் ஊர் கண்ணில் பட்டது. கட்டுரை எழுதுபவர் கதவுக்கு உள்ளே இருக்கிறார். அட்டவணையில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

டிசம்பர் இறுதியில் வெளியான வரைவு விதிகள், ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு 90 நாள் வேலை செய்திருந்தால்தான் பயன் என்கின்றன. பல நிறுவனங்கள் எனில் 120 நாள். எவ்வளவு சிறு தொகையானாலும் வருமானம் ஈட்டிய நாள் ஒரு வேலை நாளாம். மூன்றாண்டுக்கு முன் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்பட்டு, இன்றும் விளம்பரப் பணத்தை ஈட்டினால், இன்று வேலை நாளா இல்லையா? தளத்துக்கு அது வருமான நாள்தான். எழுதியவருக்கும் அப்படியே எண்ணப்பட வேண்டும் என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

பதிப்புரிமை விஷயத்தில் தளங்கள் ஆடும் இரட்டை ஆட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர்; பணியாளராக எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும். வைப்பு நிதி கேட்டால் நீ பணியாளன் அல்லன் என்கிற தளமே, உரிமை என்று வரும்போது ‘சம்மதம்’ என்ற கட்டத்தைத் தொட வைத்து முழு உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்கிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் இணைய எழுத்துகளை அள்ளிக்கொள்வதற்கு உரிமத்தொகை செலுத்த வேண்டும் என்ற யோசனையை ஒன்றிய அரசின் குழு ஒன்று 2025 டிசம்பரில் முன்வைத்தது. அந்தத் தொகை வந்தாலும் போய்ச் சேருமிடம் தளத்தின் கல்லாதான், எழுதியவர் வீடன்று. திரைப்படப் பாடலாசிரியர்கள் இதே நிலையில் இருந்தபோது, மும்பைக் கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் குரல் கொடுத்தார். விட்டுக்கொடுக்க முடியாத உரிமத்தொகைப் பங்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சட்டமாயிற்று. பாடல் எழுதுபவருக்குக் கிடைத்த நீதி, பத்தி எழுதுபவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

வருவாய்ப் பங்கீடு என்பதே ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. மும்பை கிர்காவில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தில், மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று அப்பளம் இடும் பெண்ணே உடைமையாளர். கோட்டயத்தில் 1945இல் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்தில் நிறுவிய சாகித்ய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கம் எழுத்தாளருக்கு 30 விழுக்காடு உரிமத்தொகை கொடுத்தது. தனியார் பதிப்பகங்கள் பத்துக்கே முகம் சுளித்த காலம் அது. இவ்விரண்டிலும் கணக்குப் புத்தகம் உழைத்தவரின் கையில் இருந்தது.

பழைய தட்டச்சர்களின் வேலையைக் குறிவைத்து, தென்னிந்தியர் மராத்தியரின் பிழைப்பைப் பறிப்பதாக 1966இல் சிவசேனை கிளப்பிய பகைமையை மும்பைத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதச் சம்பள நாற்காலிகள் இன்று பெருமளவு காணாமற்போய்விட்டன. மராத்தி இளைஞரும் தமிழ் இளைஞரும் தத்தம் மொழியில் ஒரே துண்டுக்கூலிக்கு எழுதிக்கொண்டிருக்கின்றனர். இருவரையும் ஒரே சங்கப் பதிவேட்டில் சேர்க்கும் பணி மாட்டுங்கா லேபர் கேம்ப், தாராவி 90 அடிச் சாலை, செம்பூர் ஆகிய பகுதித் தோழர்களுடையது. வார்த்தைக்குக் குறைந்தபட்சக் கூலி, தளத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை, நிராகரிப்புக்கு எழுத்துவழிக் காரணம், தளம் மூடப்பட்டால் நிலுவையைத் தொகை வரம்பின்றி உடனே தீர்த்தல் ஆகியவற்றை மகாராஷ்டிர அரசின் தொழிலாளர் துறையிடம் கோரிக்கையாக வைக்க வேண்டும். சேர வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது அவரது வருமானக் கணக்கின் நகலையும், ‘உங்கள் கட்டுரை ஏற்கப்படவில்லை’ என்று தளம் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலையும். அவற்றை எவரும் அழித்துவிட வேண்டாம். 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அந்தக் கடிதங்களே மேற்பார்வைக்குச் சான்று.