வங்கியைக் காப்பவர்கள் விவசாயியை மறக்கலாமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்த பின்னர், பாதிக்கப்பட்ட கடனாளிகளுக்குச் சலுகை வழங்குமாறு இலங்கை மத்திய வங்கி ஏனைய வங்கிகளைப் பணித்தது. நல்ல காரியம். ஆனால் கடைக்காரரிடம் உரமும் விதையும் கடனுக்கு வாங்கி, தாலிக்கொடியைத் தனியார் கடையில் அடகு வைத்துப் பயிரிட்டவரை அந்தச் சலுகை எட்டாது. நம்மில் பலர் அப்படிப் பயிரிட்டவர்களே.

வெள்ளமும் வரட்சியும் மண்சரிவும் அடிக்கடி வந்தால், கடன்கள் திரும்பி வராமல் வங்கி ஆட்டம் காணும். நட்டஈட்டுக் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் குவிந்தால் காப்புறுதிக் கம்பனியும் தள்ளாடும். இதனால்தான் 2017இல் 8 மத்திய வங்கிகளும் மேற்பார்வை அமைப்புகளும் சேர்ந்து, காலநிலை ஆபத்தைக் கவனிக்க ஒரு வலையமைப்பைத் தொடங்கின. நமது மத்திய வங்கியும் 2019இல் நிலைபேறான நிதியிடலுக்கு ஒரு வழிவரைபடத்தையும், 2022இல் அது பற்றி வங்கிகளுக்கான பணிப்புரையையும் வெளியிட்டது. இத்தகைய கண்காணிப்பு வேண்டியதே. வங்கியிலிருக்கும் சேமிப்பில் நமது சில்லறையும் உண்டல்லவா?

அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. "ஆபத்தான இடங்களில் எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறீர்கள்?" என்று மேலிடம் கேட்டால், அந்தத் தொகையைக் குறைக்க முகாமையாளருக்கு இலகுவான வழி ஒன்றுண்டு: அங்கே கடன் கொடுக்காமல் விடுவது. மாத்தளையோ மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்று. சரிவிலிருந்து எழுந்து வந்த குடும்பமும், மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்காக வயலை விட்டு வந்த குடும்பமும் புதிய காணியின் உறுதிக்காகக் காத்திருக்கும்போது, வங்கிக் கதவும் சாத்தப்பட்டால் வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். வங்கியின் ஏட்டிலிருந்து ஆபத்து நீங்கிவிடும். அது நமது தோளில் ஏறியிருக்கும்.

காப்புறுதியின் கதையும் பார்க்கத்தக்கது. பயிர்க் காப்புறுதிக்கு இந்நாட்டில் 1973இலேயே சட்டம் வந்தது. 2013 ஏப்ரல் முதல் வங்கிகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகள் ஆகியவற்றின் வரிக்குப் பின்னான இலாபத்தில் 1 சதவீதம் பயிர்க் காப்புறுதி அறவீடாகத் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குச் செலுத்தப்பட வேண்டுமென விதிக்கப்பட்டது. 2018இல் நெல், சோளம், சோயா, மிளகாய், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் ஆகிய 6 பயிர்களுக்கு இலவசக் காப்புறுதி வந்தது. தம்புள்ளை, கலேவெல வெங்காயச் செய்கையாளருக்கு அது உதவி. மிளகு அந்தப் பட்டியலில் இல்லை. அதை எழுதியவர் மாத்தளைக் கடைத்தெருவுக்கு வந்ததில்லை போலும்!

இன்னொன்று. பயிர்க் காப்புறுதி ஒரு போகத்துப் பயிருக்கானது. மண்ணே சரிந்து போனவருக்கு அடுத்த போகமே இல்லை. ஆனால் கடன் மட்டும் தவணைக்குத் தவணை நிற்கிறது. தவணையைத் தள்ளிவைப்பது இங்கே போதாது. காணி அழிந்தால் அதன் மீதான கடனும் தீரும்படி, கடன் கொடுக்கும்போதே காப்புறுதியைச் சேர்க்க வேண்டும். மத்திய வங்கியும் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவும் சேர்ந்து இதைக் கட்டாயமாக்கலாம். சிறு விவசாயிகளின் எத்தனை விண்ணப்பங்கள், என்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டன என்று மாவட்ட வாரியாக வங்கிகளிடம் கணக்குக் கேட்பதும் மேற்பார்வைதான்.

அதுவரை, கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த 1 சதவீத அறவீட்டில் சேர்ந்த பணம் எவ்வளவு, அதில் மாத்தளை விவசாயிகளுக்கு வந்தது எவ்வளவு என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நமது கமக்கார அமைப்புகள் எழுதிக் கேட்கலாம்.