நீரைத் தொடாமல் ஓடும் படகு



ஓடியாடும் குழந்தையைப் படமெடுக்க முயன்றிருப்பீர்கள். சற்று அசைந்தாலே முகம் கலங்கிவிடுகிறது. மணிக்கு 320 கிலோ மீட்டர் வேகத்தில் நீரின்மேல் பாயும் படகைப் படமெடுப்பது எங்ஙனம்?

அத்தகைய படகுகளுக்கு 'ஹைட்ரோபிளேன்' என்று பெயர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950ஆம் ஆண்டு நடந்த தங்கக் கோப்பைப் போட்டியில், சியாட்டில் நகரத்தவரான ஸ்டான் சேயர்ஸின் 'ஸ்லோ மோ ஷன்' படகு வென்றது. வென்றவரின் ஊரிலேயே அடுத்த போட்டி என்பது அன்றைய வழக்கம். ஆகவே 1951இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரிக்குப் போட்டி வந்தது. அந்நகரத்துச் சிறுவர்கள் மரத்தாலான சிறு படகுகளைச் செய்து, மிதிவண்டியின் பின்னால் கட்டித் தெருவெங்கும் இழுத்து விளையாடினார்கள்!

இப்படகின் முன்புறம் இருபக்கமும் இரண்டு மிதவைகள், பின்புறம் சுழல்விசிறி. முழுவேகத்தில் அம்மிதவைகளின் நுனியும் விசிறியின் பாதியும் மட்டுமே நீரைத் தொடும். எஞ்சிய உடல் முழுவதையும் காற்றே தாங்குகிறது. விசிறி வாரி இறைக்கும் நீர் பின்னால் வெண்சுவராக எழும். அதனைச் 'சேவல் வால்' என்பார்கள். முற்காலத்தில் போர் விமான எஞ்சின்கள் இடியென முழங்கின. இன்று பெரும்பாலான படகுகளில் இருப்பது சினூக் ஹெலிகாப்டரின் டர்பைன் எஞ்சின்.

இனிப் படமெடுக்கும் வகையைக் காண்போம். இப்படகு ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 89 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு வினாடி திறந்தாலும் படகு 9 சென்டி மீட்டர் நகர்ந்துவிடும். அதனினும் விரைவான ஷட்டரில் நீர்த்துளிகள் கண்ணாடி மணிகளாக உறைந்து நிற்கும். ஆனால் படகோ நங்கூரமிட்டு நிற்பது போலத் தோன்றும்! எனவே தேர்ந்தவர்கள் ஷட்டரின் வேகத்தைக் குறைத்து, படகு செல்லும் திசையிலேயே கேமராவையும் சீராகத் திருப்புகிறார்கள். கரை கோடுகளாகக் கரைய, படகு மட்டும் தெளிவாக விழுகிறது. வேகம் படத்தில் வந்துவிடுகிறது.

ஆயினும் நாம் சிந்திக்க வேண்டியது வேறொன்று உண்டு. படகைத் தாங்கும் அதே காற்றுதான் அதனைக் கவிழ்க்கவும் செய்கிறது. முனை சற்றே கூடுதலாக உயர்ந்தால், அடியில் புகும் காற்று படகையே தூக்கி எறிந்துவிடும். 1955இல் சியாட்டிலில் லூ ஃபேஜால் என்பவர் ஓட்டிய படகு வானில் ஒரு முழுக் கரணம் அடித்தது. தூக்கி வீசப்பட்ட அவர் படுகாயத்துடன் பிழைத்தார். பின்னர் போட்டிகளில் கலந்துகொள்ளவில்லை. அக்காட்சியின் படங்கள் இவ்விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற படங்களுள் இடம்பெற்றுவிட்டன!

62 போட்டிகளில் வென்ற பில் மன்சி, 1981இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் இவ்வாறே படகு கவிழ்ந்து இறந்தார். மறு ஆண்டே டீன் செனோவெத் கொலம்பியா ஆற்றில் மாண்டார். திறந்த இருக்கையில் ஓட்டியவர்கள் இவர்கள். இவ்விழப்புகளுக்குப் பிறகே, எஃப்-16 போர் விமானத்தில் உள்ளது போன்ற வலுவான மூடி ஓட்டுநர் இருக்கைக்கு வந்தது. படகு தலைகீழாகக் கிடந்தாலும் வெளியேற, அடிப்பகுதியில் ஒரு வழியும் வைத்தார்கள். அபாயம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் முன்பு மரணமே முடிவாகியிருக்கக்கூடிய விபத்துகளிலிருந்து பலர் உயிருடன் மீண்டிருக்கின்றனர்.

வாசகர்களே! கரையில் கேமராவுடன் நிற்பவரின் விரல் பொத்தானின்மீது இருக்கிறது. அவ்வேளையில் அவர் மனம் எதனை எதிர்பார்க்கிறது? படகு கவிழ்ந்தால் அரிய படம் கிடைக்கும். கவிழாவிட்டால் ஒரு மனிதர் தம் வீட்டாரிடம் திரும்புவார். பிறருடைய விபத்துகளை ஆவலுடன் பார்க்கும் நம் கண்களுக்கும் இக்கேள்வி உரியதன்றோ?

போட்டி முடிந்து, படகு கரைசேர்ந்து, மூடியைத் திறந்து ஓட்டுநர் எழுந்து நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அதில் வேகம் இல்லை, வியப்பும் இல்லை. எனினும் அன்றைய நாளின் மிகச் சிறந்த படம் அதுவே. சிந்திப்போமாக!