ரதி அழுத தெரு

மாசி பாதியானதும் எங்கள் ஊரில் பனி விலகிவிடும். சம்பா அறுத்த வயலில் உளுந்து காய் பிடித்திருக்கும். பகல் வெயில் சுள்ளென்று உறைக்கும். இரவுக் காற்றில் மாம்பூ வாசம் வரும். கோடைக்கு முதல் அடையாளம் எங்களுக்கு அதுதான். தெருமுனையில் காமன் நடுவதும் அப்போதுதான்.

மூன்றாம் பிறை பார்த்துவிட்டு ஆமணக்குக் கொம்பையும் கரும்பையும் சேர்த்து நட்டு, வைக்கோல் பிரி சுற்றி, உச்சியில் வறட்டி வைப்பார்கள். அதுதான் மன்மதன். பௌர்ணமி வரை தினமும் அவனுக்கு விளக்கும் பூவும் உண்டு. பௌர்ணமி இரவு கூத்தில் எரித்துவிடுவார்கள்.

சிவன் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் ஏவ, கரும்பு வில்லோடு போய் நெற்றிக்கண்ணில் வெந்தவன் அவன். அது நடந்த தலமாகத் திருக்குறுக்கையைச் சொல்வார்கள். மயிலாடுதுறைக்குப் பக்கம், சிவனின் எட்டு வீரத் தலங்களான அட்ட வீரட்டங்களில் ஒன்று. ஆகவே டெல்டாக்காரர்களுக்கு இது எங்கோ இமயமலைக் கதை இல்லை. பக்கத்து ஊரில் விழுந்த சாவு.

கூத்தில், எரிப்பதற்கு முன்னால் ஒரு கட்டம் வரும். கெட்ட கனவு கண்டேன், போகாதே என்று அவன் மனைவி ரதி மன்றாடுவாள். அவன் கேட்கமாட்டான். கோபித்துக்கொள்வாள், கெஞ்சுவாள், வழி மறித்து நிற்பாள். நேற்றுவரை வயலில் சேறு மிதித்த ஓர் ஆண்தான் புடவை கட்டி ரதியாக நிற்கிறார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் சேர்ந்து நின்று நாலு வார்த்தை பேசாத ஊர் எங்களுடையது. அந்த ஊர், ஒருத்தி தன் ஆசையை வாய்விட்டுச் சொல்வதை அசையாமல் உட்கார்ந்து கேட்கும்.

இருபத்தைந்து வயதில் தாலி இழந்தவள் என் அத்தை. வீட்டில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. காமன் எரிந்து, ரதி மண்ணில் புரண்டு ஒப்பாரி வைக்கும்போது, முன்வரிசையில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் குலுங்குவாள். சுற்றி இருந்த பெண்கள் யாரும் அவளைத் தேற்றமாட்டார்கள். அழட்டும் என்று விடுவார்கள். அந்த விடுதலுக்குள் இருந்த அன்பு எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

இதே ரதியைத்தான் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய நம் ஜனங்களும் உடன் கொண்டுபோனார்கள். இலங்கை மலையகத்தில் மாசியில் இன்றும் காமன் கூத்து நடக்கிறது. பிரிவைத் தெரிந்தவர்களுக்கு அவள் அழுகையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு லாவணி. மராத்தியர் தஞ்சையை ஆண்டபோது வந்து, நம் மொழியில் ஊறிவிட்ட பாட்டு அது. டேப், துந்தினா வாத்தியங்களோடு இரண்டு கட்சிகள் எதிரெதிரே உட்காரும். காமன் எரிந்தான் என்று எரிந்த கட்சி பாடும். எரியவில்லை, எரிந்திருந்தால் உலகத்தில் பிள்ளை எப்படிப் பிறக்கும், பூ எப்படிப் பூக்கும் என்று மற்றது மடக்கும். கேள்விக்குப் பதில், பதிலுக்கு மேல் கேள்வி என்று கிழக்கு வெளுத்துவிடும்.

“நீ எந்தக் கட்சி, அத்தை?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எரியாத கட்சிடா” என்றாள், யோசிக்காமல்.

ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று சிவன் வரம் கொடுத்தாரே, அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எரித்த மூன்றாம் நாள் காலை, காமனை எழுப்புவதற்காகச் சாம்பலில் பால் தெளித்தார்கள். அத்தை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். வெயில் ஏறுமுன் உளுந்து பிடுங்க வேண்டுமென்று வேகமாக வயலுக்கு நடந்தாள்.