ஒழுகும் வீடும் உரிய ஆலோசகரும்

மும்பையில் ஜூன் பிறந்தால் நம்மில் பலர் முதலில் தேடுவது வாளியைத்தான். கூரை ஒழுகியதும் நேரே ஒப்பந்தக்காரரை அழைக்கிறோம். அவர் தார் பூசுகிறார். மறு ஆண்டு அதே மூலையில் மீண்டும் ஈரம். பிழை அவருடையது மட்டுமன்று; நோயறியாமல் மருந்து கேட்டவர்கள் நாம்.

நீர் சொட்டும் இடம் ஒன்று, நுழையும் இடம் வேறொன்று. மொட்டைமாடி விரிசலா, வெளிச்சுவரா, மேல்வீட்டுக் குளியலறையா என்று பிரித்தறியப் பொறியாளர் தேவை. கோடையிலும் சொட்டினால் ஐயம் குழாயின் மீதே விழ வேண்டும். மாடியில் ஒரு நாளேனும் நீரைத் தேக்கிப் பாராமல் மதிப்பீடு எழுதுபவரை நாம் நம்புவதற்கில்லை. ஈரம் உள்ளே தங்கினால் கம்பி துருவேறிப் பருத்துக் காங்கிரீட்டையே பிளந்துவிடும். அப்போது பூச்சு வேலை உதவாது.

கட்டணத்தையும் கவனிக்க வேண்டும். வேலைச் செலவில் இத்தனை விழுக்காடு என்று பேசினால், செலவு ஏற ஏற ஆலோசகரின் வருவாயும் ஏறும். ஆய்வுக்கெனத் தனித்தொகை பேசுவதையே நாம் விரும்புகிறோம். ஒப்பந்தக்காரர் 'இலவசமாக' அனுப்பும் ஆலோசகரா? அந்த இலவசம் சிமெண்ட் மூட்டைக் கணக்கில் வந்து சேரும்!

மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள், 15 முதல் 30 ஆண்டு வயதுள்ள கட்டடங்களுக்கு 5 ஆண்டுக்கொரு முறையும், அதினும் பழையவற்றுக்கு 3 ஆண்டுக்கொரு முறையும் கட்டமைப்புத் தணிக்கை வேண்டும் என்கின்றன. அவ்வறிக்கையைச் சங்கத்திடம் கேட்டு வாங்கி, ஆலோசகரின் கையில் கொடுத்த பிறகே பழுதுபார்ப்புக் கடனுக்கு நாம் விண்ணப்பிக்கலாம். தவணை பல ஆண்டு ஓடும். அவசரப் பூச்சோ அடுத்த மழைவரை.