எச்சத்தை இழந்தால் எஞ்சுவது என்ன?

பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாயார் என் எதிரே அமர்ந்து, இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார். ஒன்று, தொடக்கநிலை ஆறில் பயிலும் அவருடைய மகனின் ஆங்கிலப் பயிற்சித்தாள். மற்றொன்று, அதே வாரம் அவன் எனக்கு எழுதிக் கொடுத்த தமிழ்க் கட்டுரை.

"ஆங்கில இலக்கணத்துக்கே வாரம் இரண்டு நாள் துணைப்பாடம் வைத்திருக்கிறோம், டீச்சர். தமிழிலும் இலக்கணம் படிக்கத்தான் வேண்டுமா? தேர்ச்சி பெற்றால் போதாதா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை; களைப்பு இருந்தது.

ஆங்கிலத் தாளில் அவன் எழுதியிருந்த தொடர் இது: 'வாக்கிங் அலாங் சிராங்கூன் ரோடு, தி ரெயின் வெட் மை ஷர்ட்.' ஆசிரியர் சிவப்பு மையில் அடித்திருந்தார். தமிழ்த் தாளிலோ இப்படி எழுதியிருந்தான்: 'நான் பேருந்திலிருந்து இறங்கினேன். பிறகு நான் தேக்கா சந்தைக்குச் சென்றேன். பிறகு நான் காய்கறிகள் வாங்கினேன். பிறகு நான் வீட்டுக்குத் திரும்பினேன்.' இதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆயினும் இதைத் தமிழ் நடை என்று ஒப்ப என் மனம் மறுக்கிறது.

இரண்டு தாள்களிலும் இருப்பது ஒரே நோய் என்பது என் கருத்து. அந்த நோய்க்கான மருந்தை வீட்டில் வைத்துக்கொண்டே நாம் வெளியில் காசு கொடுத்துத் தேடுகிறோம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

எச்சம் என்னும் கட்டுமானம்

தமிழ்த் தொடரின் இயல்பு என்ன? ஒருவன் அடுத்தடுத்துப் பல செயல்களைச் செய்தால், கடைசிச் செயலுக்கு மட்டும் முற்று வரும். மற்றவை எல்லாம் எச்சமாக நின்று அந்த முற்றை நோக்கி நடக்கும். 'பேருந்திலிருந்து இறங்கி, தேக்கா சந்தைக்குச் சென்று, அம்மா சொன்ன காய்கறிகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.' இறங்கி, சென்று, வாங்கிக்கொண்டு என்பவை வினையெச்சங்கள். 'சொன்ன' என்பது பெயரெச்சம். 'திரும்பினேன்' என்பதே முற்று. நான்கு 'நான்', மூன்று 'பிறகு' எல்லாம் போன இடம் தெரியவில்லை பாருங்கள்!

எச்சம் என்றால் எஞ்சி நிற்பது. பொருள் முடியாமல் எஞ்சி நிற்பதால் கேட்பவர் மனம் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நின்று சொல்லும் 'போயிட்டு வர்றேன்' என்ற சொல்லிலேயே ஒரு வினையெச்சம் இருக்கிறதே! போவது எச்சம், வருவதே முற்று. நான்கு வயதில் நாவில் ஏறிய இந்தக் கட்டுமானம் பன்னிரண்டு வயதில் கட்டுரைத் தாளில் காணாமற்போவது எப்படி?

ஆங்கிலத்தில் 'பார்ட்டிசிபிள் கிளாஸ்' என்று சொல்லப்படுவது இந்த எச்சத்தொடருக்கு நெருங்கிய உறவு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் இரு தொடர்களை ஒன்றாக இணைக்கும் பகுதிக்குப் பத்து மதிப்பெண். 'ரவி வீட்டுப்பாடத்தை முடித்தான். அவன் விளையாடச் சென்றான்' என்ற பொருளில் இரண்டு ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்து, 'ஹேவிங்' என்று தொடங்கி எழுதச் சொல்வது பயிற்சித்தாள்களில் அடிக்கடி வரும் வினா. துணைப்பாட வகுப்புகளில் இதை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்விக்கிறார்கள். 'வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு ரவி விளையாடச் சென்றான்' என்று நம் பாட்டிமார் எவரும் சொல்வாரே! 'ஹேவிங்' செய்யும் வேலையைத்தான் இங்கே 'விட்டு' செய்கிறது.

மழையா நடந்தது?

இனி அந்தச் சிராங்கூன் சாலை மழைக்கு வருவோம். அடுத்த நாள் அந்த மாணவனை அழைத்து, அவன் எழுதிய ஆங்கிலத் தொடரை அப்படியே தமிழில் சொல்லிக் காட்டினேன்: "சிராங்கூன் சாலையில் நடந்து மழை என் சட்டையை நனைத்தது." அவன் சிரித்துவிட்டான். "மழையா டீச்சர் நடந்தது?" என்றான். சிவப்பு மை உணர்த்தாத பிழையை அவனுடைய தமிழ்ச் செவி ஒரு நொடியில் உணர்த்திவிட்டது. ஆங்கிலத் தொடரையும் அவனே திருத்தினான்: 'வாக்கிங் அலாங் சிராங்கூன் ரோடு, ஐ காட் வெட் இன் தி ரெயின்.' நடந்தவனும் நனைந்தவனும் ஒருவனே ஆனதால் தொடர் நேராயிற்று.

ஆங்கில இலக்கண நூல்கள் இப்பிழையைத் 'தொங்கும் பார்ட்டிசிபிள்' என்று தனிப் பெயரிட்டு எச்சரிக்கின்றன. நம் இலக்கணிகள் இதை என்றோ வரையறுத்துவிட்டனர். செய்து, செய்யூ, செய்பு என்னும் வாய்பாட்டு எச்சங்கள் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்கிறது தொல்காப்பியம். பவணந்தியாரின் நன்னூல் பன்னிரண்டு வாய்பாடுகளைச் சொல்லி, முதல் நான்கும் இறுதி மூன்றும் தன் வினைமுதலையே கொள்ளும், ஏனையவை பிற வினைமுதலையும் ஏற்கும் என்று பிரித்துக் காட்டுகிறது. 'செய்து' என்பது முதல் வகை. 'செய' என்பது இரண்டாம் வகை. ஆகவே 'நான் சாலையில் நடந்து செல்ல, மழை என் சட்டையை நனைத்தது' என்றால் பிழையில்லை.

"மழை பெய்து பயிர் விளைந்தது என்கிறோமே, பெய்தது மழை, விளைந்தது பயிர் அல்லவா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. 'ஞாயிறு பட்டு வந்தான்' போன்ற தொடர்களில் 'பட' என்பதே 'பட்டு' எனத் திரிந்தது என உரையாசிரியர்கள் கொண்டார்கள். 'பெய்து' என்பதும் 'பெய்ய' என்பதன் திரிபே. விதியைச் சொன்னவர்களே விலக்கையும் சொல்லிவைத்தார்கள். ஆங்கிலத்திலும் 'வெதர் பெர்மிட்டிங்' போன்ற விலக்குகள் உண்டு.

இரண்டும் முழுக்க ஒன்று என்று நான் சொல்லவில்லை. 'அவன் கதவை அறைந்துவிட்டு வெளியேறினான்' என்று எச்சத்தை முன்னே வைப்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் அது முற்றுக்குப் பின்னும் வரலாம். பெயரெச்சத்திலும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' என்ற இணைப்புச் சொற்கள் செய்யும் வேலையைத் தமிழில் பெயரெச்சமே செய்துவிடுகிறது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இதை ஒரு தனிக்கூறாகக் குறிப்பிட்டார். ஒற்றுமையோடு வேற்றுமையையும் அருகருகே வைத்துக் காட்டினால்தான் இரண்டு மொழியும் பிள்ளைக்குத் துலங்கும்.

தடையாக நிற்பவர்கள் யார்?

முதலில் நாம்தாம், ஆசிரியர்களே! நானும் பல ஆண்டுகள் 'கீழ்க்காணும் தொடர்களில் வினையெச்சத்தை அடிக்கோடிடுக' என்று பயிற்சித்தாள் கொடுத்தவள்தான். பிள்ளைகள் பிழையின்றிக் கோடிட்டார்கள். கட்டுரையிலோ ஒன்றுகூட எழுதவில்லை. பெயர் சொல்லக் கற்பித்தோம், கட்டக் கற்பிக்கவில்லை. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரப் பரிந்துரைத்ததை, 'இனி இலக்கணம் வேண்டா' என்று பொருள் கொண்டவர்களும் நம்மில் உண்டு. பேச்சுத்தமிழ்தானே எச்சத்தின் தாய்வீடு! 'சாப்பிட்டுட்டு, கை கழுவிட்டு வா' என்பதில் எத்தனை எச்சங்கள், எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் மாசுபடும் என்று அஞ்சும் அன்பர்கள். ஐயா, பிள்ளையின் தலைக்குள் இரண்டு மொழிகளும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஒப்பீடு அங்கே நாள்தோறும் நடக்கிறது. நாம் விளக்காதபோது ஆங்கிலத்தின் அச்சில் தமிழ் வார்க்கப்படுகிறது. அந்த 'நான்... பிறகு நான்...' கட்டுரை அப்படி வார்க்கப்பட்டதே.

மூன்றாவதாக, தமிழுக்குச் செலவிடும் நேரம் ஆங்கிலத்திலிருந்து திருடிய நேரம் என்று கருதும் பெற்றோர். இந்நாட்டில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2010இல் 3.3 விழுக்காடு, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடு. தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் 'மழையா நடந்தது?' என்று கேட்கும் செவியைச் சட்டம் கொடுக்காது, வீடுதான் கொடுக்கும். அந்தச் செவி மழுங்கிய பிள்ளைக்குத் தமிழ் எச்சமும் ஆங்கில எச்சமும் இரண்டுமே மனப்பாடச் சூத்திரங்களாகிவிடும்.

அந்தத் தாயாரிடம் துணைப்பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி வீடு செல்லும் வழியில், அன்று நடந்ததையெல்லாம் மகன் ஒரே முற்றில் சொல்ல வேண்டும். 'பிறகு' என்ற சொல்லுக்குத் தடை. மறுவாரம் அவர் சொன்னார்: "அவன் ஒன்பது எச்சம் வரை போய்விட்டான், டீச்சர். நான்தான் ஆறிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன்."

இன்றிரவு உங்கள் வீட்டிலும் முயன்று பாருங்கள். காசு செலவில்லை, புத்தகம் வேண்டா. ஆசிரியர்களே, நாளை அடிக்கோடிடும் தாளை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு சிறு தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, ஒன்றாகக் கட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்ததும் அதையே ஆங்கிலத்திலும் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எச்சத்தைப் பிள்ளைகளிடம் சேர்த்துவிட்டால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.