பெயர் பார்த்த நண்பர்

ஆசிரியப் பயிற்சிக்குப் போகுமுன் நாளேடு ஒன்றில் என்னோடு பணியாற்றிய நண்பர் சென்ற மாதம் காலமானார். பிழை திருத்துவது அவர் வேலை. தோட்டத்துச் செய்தி என்றால் பெயர்களை மூன்று முறை பார்ப்பார்.

"தம்பி, அந்தக் காலத்தில் கிராணி எழுதியதுதான் நம்மவர் பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாளக் கார்டில் இன்னொன்று. பத்திரிகையிலாவது சரியாக வரட்டுமே!" என்பார். பால்மரம் சீவிய பாட்டியின் மரண அறிவித்தலுக்கும் அமைச்சர் செய்திக்கும் அவரிடம் ஒரே கண்தான்.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019-இல் நின்றுவிட்டது. ஏடு போனால் அதில் வந்த பெயர்களும் போய்விடுமே!

அன்பர்களே, வீட்டிலுள்ள பழைய பத்திரிகைத் துண்டுகளைக் கறையானுக்கு விடாதீர்கள். தாத்தா பாட்டியின் முழுப் பெயரையும், அவர்கள் உழைத்த தோட்டத்தின் பெயரையும் பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல்!