பிரிக்கத் தெரிந்தால்தான் தைக்க வரும்

போன மாதம் ஒரு ராத்திரி. மணி பன்னிரண்டரை இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடத்தில் விளக்கு எரிகிறது. என் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பெற்றவளுக்கு அந்த நேரத்தில் என்னென்னவோ தோன்றும், இல்லையா? பதறிப்போய், "என்னடி கண்ணு, என்ன ஆச்சு?" என்றேன்.

"நான் எழுதின புரோகிராமைத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. ஏழு தப்பு சொல்லியிருக்காங்க, எல்லாரும் பார்க்கிற மாதிரி! இந்தப் பாடமே வேண்டாம். நாளைக்கே மாத்திக்கப் போறேன்."

இஞ்சினீயரிங் மூன்றாம் வருஷம் அவள். விருப்பப் பாடமாக 'ஓப்பன் சோர்ஸ்' எடுத்தபோதே வீட்டில் சண்டை. "யாருக்கோ காசு வாங்காம எழுதிக் கொடுக்கவா இவ்வளவு ஃபீஸ் கட்டறோம்?" என்று கேட்டவள் சாட்சாத் நானேதான். அவள் பொறுமையாக விளக்கினாள். எனக்குப் புரிந்த பாஷையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

கடையில் ரெடிமேட் ரவிக்கை வாங்குகிறோம். கை பிடித்தால் பிடித்ததுதான். உள்ளே துணி விட்டிருக்க மாட்டார்கள். நாம் காசு கொடுத்து வாங்கும் சாப்ட்வேர் பெரும்பாலும் அப்படி. ஓப்பன் சோர்ஸ் என்பது ரவிக்கையோடு பேப்பர் கட்டிங்கையும் சேர்த்துக் கொடுப்பது. பெரிசாக்கலாம், கழுத்தை மாற்றலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். விற்கவும் தடையில்லை. ஆனால் 'ஜி.பி.எல்.' என்ற உரிமம் ஒரு நிபந்தனை போடுகிறது. நீங்கள் திருத்தியதை இன்னொருவருக்குக் கொடுத்தால், திருத்திய கட்டிங்கையும் கொடுத்தாக வேண்டும். உங்களுக்குக் கிடைத்த உரிமை அவர்களுக்கும் உண்டு.

1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகச் செய்வதாகச் சொல்லித்தான் 'லினக்ஸ்' வேலையை அறிவித்தார். அடுத்த வருஷமே அது ஜி.பி.எல். உரிமத்தில் வெளிவந்தது. இன்று நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடிப்படையே லினக்ஸ்தான். அதற்கு எழுதுகிறவர்களில் மிகப் பலர் கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதுகிறார்களாம். என் 'காசில்லாத வேலை' வாதம் அங்கே படுத்துவிட்டது!

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். இந்தப் பாடத்தில் நிஜமாகவே நடக்கும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதில் யாரோ சுட்டிக்காட்டிய ஒரு கோளாறைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். அனுபவசாலிகள் வரிவரியாகப் படித்துக் குறை சொல்வார்கள். எல்லாமே பகிரங்கம்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் அன்று சொன்னேன். கல்யாணத்துக்கு முன் தையல் கிளாஸ் போனேன். என் முதல் ரவிக்கையை டீச்சர் எல்லார் முன்னாலும் பிரித்துப் போட்டார். அழுதுகொண்டே வந்தவள் மறுபடி போகவேயில்லை. இன்றைக்கும் ஒரு ஃபால்ஸ் தைக்கக்கூட கடைக்குத்தான் போகிறேன். "அந்தம்மா என்னை அவமானப்படுத்தலைடி, கத்துக் கொடுத்தாங்க. அது புரிய எனக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு."

பிறகு, "அந்த ஏழையும் எனக்கு வாசிச்சுக் காட்டு" என்றேன். நான்கு, இடைவெளி விடுவது, பெயர் வைப்பது பற்றி. இரண்டு, வெறும் கேள்விகள். நிஜமான தப்பு ஒன்றே ஒன்று! கடைசியில், 'நன்றி, திருத்தி மீண்டும் அனுப்பவும்' என்று ஒரு வரி. அழுத கண்ணுக்கு அந்த வரி படவேயில்லை, பாருங்கள்.

விளக்கை அணைத்துப் படுக்க வைத்தேன். இரண்டு தடவை திருத்தினாள். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். மொத்தம் பதினோரு வரி. வீடே பாயசம் சாப்பிட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதைப் படித்தால், ஒரு தாயாக நான் கற்றது இவ்வளவு:

வெளிநாட்டுக்காரர்கள் பதிலுக்காக ராத்திரி விழிக்க வேண்டியதில்லை. எழுத்தில் வருகிற பதில் விடியும்வரை காத்திருக்கும். பதினொரு மணிக்குப் படுக்கை என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

அனுப்பியவர் பெயரும் மின்னஞ்சலும் பதிவில் நிரந்தரமாக நின்றுவிடும். அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளட்டும். போன் நம்பர், வீட்டு விலாசம் கூடவே கூடாது.

உதவித்தொகையோடு பழகவும் வழி உண்டு. 2005-ல் தொடங்கிய 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' ஒன்று. பெண்களுக்காக 2010-ல் புதுப்பிக்கப்பட்டு, இன்று இன்னும் பலருக்கும் இடம் தரும் 'அவுட்ரீச்சி' இன்னொன்று.

நமக்கும் பங்கு உண்டு, தோழிகளே! வீட்டுக் கணக்கு எழுத 'லிப்ரே ஆபீஸ்' காசில்லாமல் கிடைக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலும் உண்டு. சமையல் முடிந்த மத்தியான வேளையில் கேட்டுப் பாருங்கள்.

நான்? போன வெள்ளிக்கிழமை ஒரு மீட்டர் துணி வாங்கி வந்து, தைரியமாக வெட்டிவிட்டேன். என் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு தப்பும்மா. நன்றி, திருத்தி மீண்டும் அனுப்பவும்" என்கிறாள்.

பிரித்துக்கொண்டிருக்கிறேன்!